வரி நோட்டுல பேர் இல்லாதவங்க

மதம் மாறினவங்களை ‘அரிசி மூட்டை’ன்னு கிண்டல் பண்றது இப்போ நகரத்துல ரொம்ப சகஜமாப் போச்சு. என் போனுக்கு வர்ற பத்து மெசேஜ்ல ரெண்டு இதுதான். ஓசூர், கெலமங்கலம், சூளகிரி பக்கமெல்லாம் புதுசு புதுசா ஜெப வீடு முளைக்குது, காசு குடுத்து ஆள் பிடிக்கிறாங்க, இன்னும் பத்து வருஷத்துல கிராமமே மாறிடும்னு எழுதறாங்க. எழுதறவங்க பெங்களூருல எட்டாவது மாடியில இருக்காங்க. நான் இங்கே ரெண்டு ஏக்கர்ல சாமந்தியும் தக்காளியும் வச்சுக்கிட்டு, அப்படி ஒரு ஜெப வீட்டுக்கு வேலி ஓரமா தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கேன். நான் கிறிஸ்தவன் கிடையாது. எங்க வீட்டுச் சாமி முனீஸ்வரன். வருஷம் தவறாம ஊர் மாரியம்மனுக்கு வரி கட்டறவன்.

அந்த வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன். ஏன்னா இந்தப் பிரச்சனையோட வேர் அங்கேதான் இருக்கு.

நகரத்துல பிறந்தவங்களுக்குத் தலைக்கட்டு வரின்னா என்னன்னு தெரியாம இருக்கலாம். பண்டிகைக்கு முன்னாடி ஊர்க்கூட்டம் போட்டு, குடும்பத்துக்கு இவ்வளவுன்னு பேசி, ஒரு நோட்டுல பேர் எழுதி வசூல் பண்ணுவாங்க. கல்யாணம் ஆன ஆம்பளை ஒரு தலைக்கட்டு. பணம் பெரிசு கிடையாது, ஒரு கிரேட் தக்காளி வித்தா கட்டிடலாம். ஆனா அந்த நோட்டுல பேர் இருந்தாத்தான் கூட்டத்துல வாய் திறக்கலாம், தேர் வடம் தொடலாம், வீட்டுல சாவு விழுந்தா ஊர் வந்து நிக்கும். பேர் இல்லைன்னா இங்கே குடியிருக்கலாம், அவ்வளவுதான். ஒருத்தனைத் தள்ளிவைக்கணும்னா அவனை யாரும் அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். ‘உன்கிட்ட வரி வாங்கல’ன்னு சொன்னாப் போதும். அவன் செத்த மாதிரி.

யார் பேரெல்லாம் அந்த நோட்டுல இல்ல? காலனிக்காரங்க பேர் பல ஊருல இல்ல. ஆம்பளைப் பிள்ளை இல்லாத விதவை பேர் இல்ல. சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க பேரை அடிச்சாச்சு. கம்பெனி வேலைக்கு வந்து வாடகைக்கு இருக்கிறவங்க பேர் வரவே வராது, இருபது வருஷம் இருந்தாலும். இப்போ ஞாயிற்றுக்கிழமை காலையில என் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் செருப்பு கழட்டிட்டு உள்ளே போறது யாருன்னு பார்த்தா, அச்சு அசலா அதே பட்டியல். ஊர் யாரை எழுதலையோ அவங்களைப் பாஸ்டர் எழுதிக்கிட்டார். இதுல சதி எங்கே இருக்கு?

என் தோட்டத்துக்குக் களை எடுக்க வர்ற ஒரு தங்கச்சி இருக்கா. நாற்பது வயசுக்கு மேல. புருஷன் கான்ட்ராக்ட் லேபரா போய்க்கிட்டு இருந்தவன், விபத்துல போயிட்டான். ரெண்டு பொண்ணுங்க. அதுக்கப்புறம் ஒரு நல்ல காரியத்துக்கும் அவளை யாரும் கூப்பிடல, எதிர்ல வந்தா ஒதுங்கி நின்னாங்க. யாரோ ஒருத்தி கூப்பிட்டான்னு ஒரு ஞாயிறு ஜெப வீட்டுக்குப் போனா. பேர் கேட்டாங்க, பொண்ணுங்க பேர் கேட்டாங்க. அடுத்த வாரம் இவ போகல. புதன்கிழமை சாயந்திரம் ரெண்டு பொம்பளைங்க வீடு தேடி வந்து, ‘ஏன் வரல, உடம்பு சரியில்லையா’ன்னு கேட்டாங்களாம். ‘என்னைக் காணோம்னு ஒருத்தர் தேடி வந்தது அன்னைக்குத்தான் அண்ணா’ன்னு சொன்னா. இப்போ அங்கே பாட்டு எடுத்துக் குடுக்கறதே அவதான். எழுத்துக் கூட்டத் தெரியாதவ, பைபிளை வச்சுக்கிட்டு இந்த வயசுல படிக்கக் கத்துக்கிட்டா. அவளுக்கு வந்த அரிசி மூட்டையை நான் இதுவரைக்கும் பார்க்கல. ரேஷன் அரிசிதான் வருது, அது எனக்கும் வருது. சொல்லப்போனா என்கிட்ட வாங்கற கூலியில இருந்து இவதான் அங்கே காணிக்கை போடறா.

‘அப்போ அது பக்தியே இல்லையே, ஆள் துணைக்குப் போறது தானே’ன்னு ஒரு நண்பர் கேட்டார். படிச்சவர். எனக்குக் கோபம் வந்துச்சு. நான் முனீஸ்வரனை எந்தப் புத்தகத்தைப் படிச்சு, எந்த விசாரணை பண்ணி ஏத்துக்கிட்டேன்? தாத்தா தோள்ல உட்கார்ந்து போனேன், எல்லாரும் கும்பிட்டாங்க, கும்பிட்டேன். முதல்ல கூட்டம் கிடைச்சது, சாமி அப்புறம் மனசுல வந்து உட்கார்ந்தார். அவளுக்கும் அதே வரிசையிலதான் நடந்திருக்கு. எனக்கு அது பரம்பரை, அவளுக்கு அது சோரம் போனதா?

அரிசிக் கணக்கு பேசறவங்களுக்கு ஒரு பழைய கணக்கு சொல்றேன். 1876ல இருந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். எங்க ஓசூர் அப்போ சேலம் ஜில்லாவுல இருந்துச்சு, இங்கேயும் கொத்துக் கொத்தா ஜனம் செத்துச்சு. அதே பஞ்சத்துல ஆந்திரா ஓங்கோல்ல ஜான் கிளஃப்னு ஒரு அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார், பக்கிங்காம் கால்வாய் வெட்டற வேலையில ஒரு பகுதியை கான்ட்ராக்ட் எடுத்து, பட்டினி கிடந்த மாதிகா ஜனங்களுக்குக் கூலி குடுத்தார். கஞ்சிக்காக வந்துடுவாங்களோன்னு, பஞ்ச நிவாரணம் நடந்த வரைக்கும் ஞானஸ்நானம் குடுக்கறதையே நிறுத்தி வச்சார். நிவாரணம் முடிஞ்சது. அதுக்கப்புறமும் ஜனம் வந்து நின்னுச்சு. 1878 ஜூலை 3, ஒரே நாள்ல 2,222 பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. அரிசி நின்ன பிறகு வந்த கூட்டம் அது. செருப்புத் தைக்கிற ஜாதின்னு கிணத்துப் பக்கம் விடாதவங்களோட பேரை வெள்ளைக்காரன் ஒரு புத்தகத்துல எழுதினான்.

இன்னைக்குக் கணக்கு அதைவிடத் தெளிவு. 1950ல ஜனாதிபதி உத்தரவு ஒண்ணு வந்துச்சு. அதன்படி இந்துவா இருந்தாத்தான் பட்டியல் சாதி. 1956ல சீக்கியர்களைச் சேர்த்தாங்க, 1990ல பௌத்தர்களைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவனா மாறினா எஸ்.சி. சலுகை போச்சு. நம்ம தமிழ்நாட்டுல பி.சி. பட்டியல்ல போடுவாங்க. அதாவது காலனிப் பையன் ஒருத்தன் சர்ச்சுக்குப் போனா வேலை, படிப்பு, தனித்தொகுதி, வன்கொடுமைச் சட்டம் எல்லாத்தையும் இழக்கறான். இவ்வளவு நஷ்டப்பட்டு ஒருத்தன் போறான்னா அவனை விலைக்கு வாங்கினாங்கன்னு எந்த வாயால சொல்றீங்க?

இதுக்காகவே பல பேர் சர்டிபிகேட்ல இந்துன்னு வச்சுக்கிட்டு ஞாயிறு ஜெபத்துக்குப் போறாங்க. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, சலுகைக்காக மட்டும் இந்துன்னு சொல்லிக்கறது அரசியல் சட்டத்தை ஏமாத்தறதுன்னு ஒரு பெண்ணோட கேஸ்ல தீர்ப்பு சொல்லிடுச்சு. கோர்ட்டு பேச்சுக்கு மேல நான் பேசல. ஆனா மதம் மாறினதும் அந்தத் தெருவுல ஜாதி மாறிடுச்சான்னு டீக்கடையில போய்க் கேட்கச் சொல்லுங்க. டீக்கடைக்காரனுக்கு 1950 உத்தரவு தெரியாது, அவன் பழைய டம்ளரைத்தான் நீட்டுவான். இதை விசாரிக்க 2022 அக்டோபர்ல பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டாங்க. கமிஷன்னா தெரியுமே.

கம்பெனிப் பொண்ணுங்களைப் பத்தியும் சொல்லணும். 2022 நவம்பர்ல மத்திய மந்திரி அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர்ல வர்ற ஐபோன் ஆலையில முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள்னு பெருமையாச் சொன்னார். பதினெட்டு, இருபது வயசுப் பிள்ளைங்க. ரயில்ல வந்து இறங்கி, பஸ்ல ஏத்தி, ஹாஸ்டல்ல விட்டு, ஷிப்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. கடையில ‘இந்திக்காரி’ன்னு பேசறாங்க, அவங்கள்ல நிறைய பேருக்கு இந்தி தாய்மொழியே கிடையாது, முண்டாரியோ குடுக்கோ பேசறவங்க. லீவு நாள்ல ஷேர் ஆட்டோவுல அடைஞ்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போற சில பேரைப் பார்த்து, ‘பாருங்க, வடக்கே இருந்து வந்தவங்களையும் மாத்திட்டாங்க’ன்னு எங்க ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் சொன்னார். அய்யா, அவங்க பாட்டன் காலத்துலயே அது நடந்தாச்சு.

நடந்த விதம் விவசாயிக்குப் புரியும். 1845லயே ஜெர்மன் மிஷனரிங்க ராஞ்சிக்கு வந்துட்டாங்க. 1885ல கான்ஸ்டன்ட் லீவன்ஸ்னு பெல்ஜியம் நாட்டு ஏசு சபைச் சாமியார் ஒருத்தர் சோட்டாநாக்பூருக்கு வந்தார். ஜமீன்தாருங்க நிலத்தைப் பிடுங்கறதும், கூலி இல்லாம வேலை வாங்கறதும் நடந்த காலம். அவர் நில வழக்குச் சட்டத்தைக் கத்துக்கிட்டு, ஜனங்களோட வாரண்ட், ரசீது எல்லாம் வாங்கிப் பார்த்து, கோர்ட்டுல வழி காட்டினார். ஜனம் ஆயிரக்கணக்குல சேர்ந்துச்சு. அதே நிலத்துக்காகத்தான் பிர்சா முண்டாவும் எழுந்து நின்னார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு, அந்தச் சபையையே வேண்டாம்னு விட்டு வந்தவர், அதையும் சேர்த்தே சொல்றேன். 1908ல சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தப்போ அதை எழுதறதுல ஹாஃப்மன்னு இன்னொரு ஏசு சபைச் சாமியாருக்குப் பங்கு உண்டு. அடுத்த வருஷமே கூட்டுறவு வங்கி ஆரம்பிச்சார். பட்டாவுக்குத் தாசில்தார் ஆபீஸ்ல எத்தனை தடவை நடந்தேன்னு எனக்குத் தெரியும். எனக்காக ஒருத்தன் அந்தப் படியில ஏறி இறங்கியிருந்தா, அவன் சாமி யாருன்னு நானும் கேட்டிருப்பேன்.

சட்டத்துக்கு வருவோம். 2002 அக்டோபர்ல ஜெயலலிதா ஆட்சியில கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்துச்சு, 2004 தேர்தல்ல தோத்ததும் அவங்களே வாபஸ் வாங்கினாங்க. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினா கர்நாடகாவுல 2022ல ஒரு சட்டம். மதம் மாறணும்னா 30 நாளுக்கு முன்னாடி மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் குடுக்கணும். 2023 ஜூன்ல புது ஆட்சி அதை ரத்து பண்றதா மந்திரிசபையில முடிவு எடுத்துச்சு. ஓசூர்ல வேலை, சந்தாபுரத்துல வாடகை வீடுன்னு இருக்கிறவன் எந்தப் பக்கம் நின்னு கும்பிடணும்? நிலம் விக்கறதுக்கு 30 நாள் நோட்டீஸ் கேட்காத சர்க்கார் மனசு மாறறதுக்குக் கேட்குது. இங்கேயும் வழிபாட்டுக் கட்டடம் கட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு விதி. நல்ல விதிதான். ஆனா அதை ஜெப வீட்டு வாசல்லதான் நினைவு வச்சுக்கறாங்க. லேஅவுட்டுக்கு லேஅவுட் ஓ.எஸ்.ஆர். நிலத்துல பிள்ளையார் உட்கார்றப்போ யாரும் கோப்பைத் தேடறதில்ல.

இவ்வளவு பேசறதால சர்ச்சுக்காரங்க எனக்கு மாலை போட வேண்டாம். அவங்க வீட்டு அழுக்கையும் சொல்லணும். 2008 மார்ச்சுல விழுப்புரம் பக்கம் எறையூர்ல வன்னியக் கிறிஸ்தவங்களுக்கும் தலித் கிறிஸ்தவங்களுக்கும் கோயில் உரிமைத் தகராறு வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 2 பேர் செத்தாங்க. திருச்சியில கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே ஜாதிச் சுவர். சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு 2016ல ஆயர் பேரவையே ஒத்துக்கிட்டு எழுதுச்சு. பெரிய கோயில்ல பின்வரிசையில உட்கார வச்சதாலதான் பாதிப்பேர் தகரக் கொட்டகை ஜெப வீட்டுக்கு வந்திருக்காங்க. அந்தக் கொட்டகையிலயும் ‘விசுவாசம் இருந்தா சுகர் மாத்திரை எதுக்கு’ன்னு கேட்கிற ஊழியக்காரங்க உண்டு. பெத்த அப்பன் சாவுக்குப் போகாதே, அங்கே பறை அடிக்கிறாங்கன்னு தடுக்கறவங்க உண்டு. ஒரு பொம்பளைக்குச் சொந்தம் குடுத்துட்டு இருக்கிற சொந்தத்தை அறுத்துவிடறது என்ன நியாயம்? காதுல ஒலிபெருக்கி வேற. ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணி பாய்ச்சறவனுக்குத்தான் அந்த அல்லேலூயா எவ்வளவு கனம்னு தெரியும். எங்க மாரியம்மன் கோயில் குழாயும் அதுக்குக் குறைஞ்சதில்ல, ஒப்புக்கிறேன்.

ஆனா அந்தக் குறையெல்லாம் பார்த்துட்டும் அந்தத் தங்கச்சி அங்கேயே இருக்கா. ஏன்னா போறதுக்கு வேற இடத்தை நாம வைக்கல. கோயில் காப்பாத்தறோம்னு பேசறவங்க ஒருத்தர்கூட அந்தப் பொண்ணுங்களுக்கு நோட்டு வாங்கிக் குடுக்கல, புருஷனோட இழப்பீட்டுக்கு மனு எழுதிக் குடுக்கல. ஊர்க்கூட்டத்துல அவளுக்கு ஒரு மூலை குடுங்கன்னு கேட்கல. பக்கத்துத் தர்மபுரியில 2012 நவம்பர் 7ல நத்தம் காலனியை எரிச்சப்போ எரிச்சவனும் இந்து, எரிஞ்ச வீட்டுக்குள்ள இருந்த சாமி படமும் இந்து. அப்போ இந்தக் காவலருங்க எந்த வாட்ஸ்அப் குரூப்ல இருந்தாங்கன்னு தெரியல.

பங்குனி வரப்போகுது. நோட்டு பிரிக்கும்போது அவ பேரைத் தனித் தலைக்கட்டா எழுதணும்னு கூட்டத்துல கேட்கப் போறேன். அவகிட்ட முன்னாடியே கேட்டுட்டேன். ‘வரி கட்டறேன் அண்ணா, படையல் சோறு மட்டும் சாப்பிடமாட்டேன்’ன்னா. சரின்னேன். சேதி கசிஞ்சு ரெண்டு பெரியவங்க இப்பவே முறைக்கிறாங்க, ஜெப வீட்டுக்காரி பேரை அம்மன் நோட்டுல எப்படி எழுதறதுன்னு. போன வருஷ நோட்டுல முதல் பக்கத்துல முதல் பேர், எங்க ஊர் நிலத்தை வாங்கி பிளாட் போட்ட ரியல் எஸ்டேட்காரரோடது. அஞ்சு இலக்கத்துல நன்கொடை, தேருக்கு ஃப்ளெக்ஸ் எல்லாம் அவர் செலவு. அவர் என்ன சாமி கும்பிடறவர், எந்த ஊர்க்காரர்னு அன்னைக்கு யாரும் கேட்கல.