பழைய ஜீப்பும் புதிய மோகமும்

இவ்வாண்டு நம் விடுதிகளில் ஜீப் மோகம் பரவியிருக்கிறது. நால்வர் ஐவர் கூடிப் பணம் திரட்டுவது, பழைய ஜீப் ஒன்றை வாங்குவது, விடுமுறையில் இமயமலைப் பக்கம் ஏறி இறங்குவது, படிப்பு முடிந்ததும் அதிலேயே ஊர் போய்ச் சேர்வது என்று திட்டம் போடாத அறை குறைவு. வாங்கும் இடமும் பலருக்கு முடிவாகிவிட்டது. அரியானாவில், பஞ்சாப் எல்லையை ஒட்டியிருக்கும் மண்டி டப்வாலி! அங்கே பட்டறைகளில் நமக்கு வேண்டியபடி ஜீப்பைச் ‘செய்து’ தருகிறார்கள். அகன்ற டயர், தூக்கிவைத்த உடல், பளபளக்கும் முகப்பு, வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய என்ஜின். கல்யாண ஊர்வலத்துக் குதிரைபோல் நிற்கிறது. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசையை நான் பழிக்கவில்லை. நான் போடிக்காரன். போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுசெல்லும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் ஜீப் விளையாட்டுப் பொருள் அன்று. அதன் பிரேக்கை நம்பி விடியற்காலையில் குடும்பங்கள் புறப்படுகின்றன. ஆகவே, ஜீப் வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாங்குங்கள், ஆனால் உடலும் பதிவும் ஒத்திருக்கும் வண்டியை வாங்குங்கள். ஒன்றன் பெயரில் மற்றொன்று ஓடும் வண்டியை, அது எவ்வளவு அழகாயினும், எவ்வளவு மலிவாயினும், தொடாதீர்கள். இதுவே என் கருத்து.

இந்த ஏமாற்று எப்படிப் பிறந்தது என்பதை அறிய, ஜீப் பிறந்த கதையைச் சற்றே அறியவேண்டும். அது போர்க்களத்துப் பிள்ளை. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு நிறுவனங்களும் ஒரே அமைப்பில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 60 குதிரைத்திறன். போர் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே லூதியானாவில் மகிந்திரா-முகமது என்றொரு நிறுவனம் தோன்றியது. நாடு பிரிந்தது, கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார், 1948-இல் நிறுவனம் மகிந்திரா-மகிந்திரா ஆயிற்று. அந்நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்றது. பிறகு தானே செய்தது. அமெரிக்காவில் 1953-இல் வந்த சி.ஜே. 3பி என்னும் உயர்ந்த பானெட் கொண்ட வடிவம், இங்கே பல பத்தாண்டுகள் உயிர் வாழ்ந்தது.

இதனால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. ஒரு தீமையும் உண்டு. அமைப்பு பெரிதும் மாறாமல் நீண்டகாலம் உற்பத்தியானதால், உதிரி பாகம் எளிதில் கிடைக்கிறது. எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவான். இது நன்மை. ஒரு ஜீப்பின் பாகம் இன்னொரு ஜீப்பில் பொருந்துவதால், பத்து ஜீப்புகளின் எலும்பைப் பொறுக்கிப் பதினோராவது ஜீப் ஒன்றை உண்டாக்கிவிடலாம். இது தீமை. அந்தப் பதினோராவது வண்டிக்குப் பிறந்த ஊரும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. ஆகவே எங்கோ மடிந்துபோன ஒரு ஜீப்பின் பதிவுப் புத்தகத்தை எடுத்து அதன் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

சென்ற தீபாவளி விடுமுறையில் நண்பர்களுடன் நானும் டப்வாலி சென்று பார்த்தேன். ஒரு பட்டறையில் புது மெருகோடு நின்ற வண்டியை “1942 வில்லிஸ், அசல்” என்றார்கள். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். திறந்து மடக்கும் பின்கதவு இருந்தது. போர்க்கால ஜீப்புக்குப் பின்கதவு கிடையாது; அது 1945-இல் வந்த குடிமக்கள் ஜீப்பில் தோன்றியது. முகப்பின் பிளவுகளை எண்ணினேன், ஏழு. போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. போர்க்கால ஜீப்பில் அது இடப்பக்கம். புத்தகத்தில் 1942, உடலில் அதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. சாஸியில் எண் இருக்கும் இடத்தில் அரத்தால் தேய்த்த தடம் புதிதாய் மின்னியது. என் நண்பர் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்ணத்தைப் பார்ப்பவனுக்கு எண் தெரிவதில்லை. எண்ணைப் பார்ப்பவனுக்கு வண்ணம் மயக்குவதில்லை.

“புத்தகம் எதுவானால் என்ன? வண்டி ஓடினால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் சொல்லும் பதில் தெளிவானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து பதிவு விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம், கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று வைத்தது. கவனியுங்கள்: ஒவ்வொரு மாற்றத்துக்கும்! டயருக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் மலிவு எங்கே போயிற்று?

மாற்றத்தை மறைத்து எடுத்த காப்பீடு, விபத்து நாளில் நம் பக்கம் நிற்கும் என்றும் நம்ப முடியாது. தெருவில் நடந்துபோன ஒருவர்மேல் அந்த வண்டி மோதினால், இழப்பீடு கேட்கும் கை யாருடைய வீட்டுக் கதவைத் தட்டும்? ஆய்வுதவித் தொகையில் வாழும் நம் கதவையா? இல்லை. ஊரில் நிலத்தை விற்று நம்மைப் படிக்கவைத்த தந்தையின் கதவை! ஜீப் மோகத்தின் உண்மை விலை அங்கேதான் எழுதப்படுகிறது.

சட்டத்தை விடுங்கள், நான் பௌதிக மாணவன். பௌதிகத்திடம் கேட்போம். அதற்கு மன்றாடவும் முடியாது, கையூட்டும் கொடுக்க முடியாது. ஜீப்பின் அசல் டயர் ஏறக்குறைய 28 அங்குல விட்டம். அதைக் கழற்றி 31 அங்குல டயரை மாட்டுகிறார்கள். வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி 55-இல் போகும். அதே பிரேக் டிரம் தரும் திருப்புவிசை, பெரிய டயரின் விளிம்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். என்ஜினோ பெரியது, 60-இல் போன வண்டி 90-இல் பறக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாய் வளர்வதால், நிறுத்தவேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு. ஆற்றலைப் பெருக்கினோம், அடக்கும் விசையைக் குறைத்தோம். இதற்கா ‘மாடல்’ என்று பெயர்?

உடலைத் தூக்கிவைப்பதையும் கணக்கிடுவோம். இடவலச் சக்கரங்களுக்கிடையே சுமார் 49 அங்குலம். அதில் பாதி 24½. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 25 அங்குலத்தில் இருப்பதாக ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.98. மையத்தை ஐந்து அங்குலம் உயர்த்தினால் அது 0.82 ஆகிறது. கவிழாமல் நிற்கும் திறனில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. மலைப்பாதைக்கென்று உயர்த்திய வண்டி, மலைப்பாதையின் வளைவில்தான் முதலில் கவிழும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். “அந்தப் பட்டறைத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறாயே!” என்பார்கள். மறுப்பு வலியது, மதிக்கிறேன். தகட்டைத் தட்டி வளைத்து அவர்கள் உடல் அமைக்கும் திறத்தை நேரில் கண்டவன் நான். ஆனால் அந்தக் கைகளுக்கு வேறு வேலையே இல்லையா? இற்றுப்போன தரைத்தகட்டை மாற்றுவதற்கும், தேய்ந்த கிங்பின்னைப் புதுப்பிப்பதற்கும், கசியும் கியர்ப்பெட்டியைச் செம்மைப்படுத்துவதற்கும், பழைய ஜீப்பைப் பழைய ஜீப்பாகவே எழுப்பி நிறுத்துவதற்கும் அதே கைகள்தாம் வேண்டும். அந்த வேலைக்குக் கூலி கொடுப்போம். பிரேக்கையும் சமநிலையையும் சோதித்து, தகுதியான மாற்றத்துக்குச் சான்று தரும் எளிய வழி சாமானியனுக்கும் வேண்டும் என்று அரசிடம் கேட்பதும் நியாயமே. கேட்போம். வழி பிறக்கும் முன்னரே பொய்ப் பெயரில் ஓட்டுவது, கேட்கும் உரிமையையே கெடுத்துவிடும்.

மாற்றாத வண்டிக்கு மதிப்பும் உண்டு. முதற்பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த, சாஸியும் உடலும் என்ஜினும் பெரிய மாற்றமின்றி அசலாய் உள்ள வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021-இல் மைய அரசு தனி விதி வகுத்தது. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம். ஆனாலும், அசலாய் நின்ற கிழவனுக்குக் கிடைக்கும் அந்தப் பெருமை, வேடம் போட்டவனுக்குக் கிடைப்பதில்லை.

சரி, எப்படி வாங்குவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடம். தில்லியில் படிக்கும் நமக்கு இது தலையாய கேள்வி. பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. 2025 ஆகஸ்டில் கிடைத்த இடைக்காலத் தளர்வும், அவ்வாண்டு டிசம்பரில் பி.எஸ். 4-க்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்கு இல்லையென்றாயிற்று. பழைய ஜீப்புகள் அதற்கும் கீழ்ப்படியில் நிற்பவை. தில்லித் தெருவில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதை இன்றே விடுங்கள்.

அடுத்து ஏடு. விற்பவர் பெயரும் புத்தகத்துப் பெயரும் ஒன்றா? பதினைந்தாண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டிய பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா? வேறு மாநிலம் கொண்டுசெல்ல, பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப்பதிவும் வரியும் உண்டு. ஊருக்கு ஓட்டிச் செல்லும் கனவுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்க. தரகர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கொடுக்காமல், பதிவு அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

அடுத்து உடல். சாஸியில் மசியைத் துடைத்து எண்ணைப் படியுங்கள். எழுத்து கோணலாகவோ, சுற்றிலும் வெல்டிங் தடமாகவோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். தரைவிரிப்பைத் தூக்கித் துருவைப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளையும், உடல் சாஸியோடு சேரும் இடங்களையும் தட்டிப் பாருங்கள்.

கடைசியில் ஓட்டம். மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நேர்ச்சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா? குழியில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் உதறுகிறதா? நான்கு சக்கர இயக்கத்தை மண்ணிலோ சேற்றிலோ போட்டுப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் வேண்டா. முன் பின் அச்சுகளுக்கிடையே வேக வேறுபாட்டை ஏற்கும் அமைப்பு பழைய ஜீப்பில் இல்லை. வளைவில் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், மூன்றில் ஒரு பங்கையாவது பழுதுபார்க்க ஒதுக்குங்கள்.

இப்படிப் பார்த்து வாங்கும் ஜீப் மெதுவாகத்தான் போகும். மழை வந்தால் நனையும், மேட்டில் முனகும். ஆனால் சோதனைச் சாவடியில் கை காட்டினால் நெஞ்சு படபடக்காது. நாளை இன்னொருவனுக்கு விற்கும்போது அவன் கண்ணைப் பார்த்துப் பேசலாம்.

நண்பர்களே, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு, நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்பதை நாள்தோறும் யாரோ ஒருவர் கேட்கிறார். நாமும் உள்ளதைச் சொல்கிறோம். நம் வண்டியிடம் கேட்டாலும் அது உள்ளதையே சொல்லட்டும்.