நாய்க்கும் பூனைக்கும் ரண சிகிச்சையா?

“மனிதர்களுக்கே ரண சிகிச்சை செய்துகொள்ளக் கையில் காசில்லை, நாய்க்கும் பூனைக்கும் ஆபரேஷனா?” என்று கேட்பவர்கள் நம் நாட்டில் அநேகர். கேள்வியில் நியாயமே இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாயும் அடுப்பங்கரையில் ஒரு பூனையும் வைத்திருப்பவர்களே. இராக் காவலுக்கு நாய் வேண்டும். நெல் மூட்டையைக் கடிக்கும் எலியைப் பிடிக்கப் பூனை வேண்டும். அவை நோயுற்றால் மட்டும், “அதன் தலையெழுத்து” என்று கையை உதறிவிடுவது எந்தச் சாஸ்திரம் சொன்ன தர்மம்?

காஞ்சிபுரம் ஜில்லா, உத்திரமேரூர்த் தாலுகாவிலுள்ள சாலவாக்கத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். உத்திரமேரூர் என்றதும் முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுக்கள் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அந்தப் பக்கத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்தது. அங்கே பெருமாள் கோயிலைச் சார்ந்து, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலசாலை நடந்து வந்ததாக அது கூறுகிறது. வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை, அதாவது ரண சிகிச்சை, செய்பவர் ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், மருந்துகளின் ஜாபிதா – எல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே, ‘கத்தி வைத்தியம்’ இந்தச் சீமைக்குப் புதிதன்று.

“அது மனிதருக்கு அல்லவா?” என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதற்கும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் முந்தி, அசோக சக்கரவர்த்தி தமது இரண்டாவது பாறைச் சாசனத்தில், மனிதருக்கு வைத்தியம், பிராணிகளுக்கு வைத்தியம் என்று இரண்டையும் அருகருகே வைத்துச் சொல்லியிருக்கிறார். தமது ராஜ்யத்தில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலிருந்த சோழ, பாண்டிய நாடுகளிலும் அவற்றுக்கு ஏற்பாடு செய்ததாக அதில் காண்கிறது. பிராணிகளுக்கு மருந்து கொடுப்பது மேல்நாட்டார் கற்றுக்கொடுத்த நாகரிகம் என்று எண்ணுபவர்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்தது வேறொன்று. 1846-இல் அமெரிக்காவில் ஈதரும், 1847-இல் ஸ்காட்லாந்தில் குளோரோபாரமும் மயக்க மருந்தாகக் கையாளப்பட்டன. அதுவரையில் மனிதனாயினும் மாடாயினும் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் கத்தி வைத்தார்கள். 1903-இல் சென்னையில் மிருக வைத்தியக் கல்லூரி ஸ்தாபிதமாயிற்று. 1935-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டு, இந்தியாவிலேயே முதன்முதலாக மிருக வைத்தியத்தில் பட்டம் அளித்த பெருமை அதற்கு உண்டு. 1989 முதல் கால்நடை மருத்துவத்துக்கென்று தனிச் சர்வகலாசாலையே தமிழ்நாட்டில் இயங்குகிறது. ஆரம்பத்தில் குதிரையும் மாடுமே இப்படிப்பின் முக்கிய நோக்கம். இன்று வேப்பேரி ஆஸ்பத்திரியில் நாய்க்கும் பூனைக்கும் எக்ஸ்ரே உண்டு, ஸ்கான் உண்டு, மயக்க வாயு உண்டு.

எந்த நோய்க்குக் கத்தி வேண்டும்? கிருகஸ்தர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, விழுங்கிய பொருள். மாம்பழக் காலத்தில் நாய் மாங்கொட்டையை முழுசாக விழுங்கிவிடும். அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். தின்றதெல்லாம் வாந்தியாகி, நாய் சுருண்டு படுக்கும். வயிற்றைத் திறந்து எடுப்பதைத் தவிர வேறு மார்க்கம் பெரும்பாலும் இராது. பூனையோ நூலோடு விளையாடி, சில சமயம் ஊசியோடு சேர்த்து விழுங்கிவிடும். நூல் முனை வாயிலோ ஆசனத்திலோ தொங்கினால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே குடல் அறுபட்டுப்போகும். அப்படியே வைத்தியரிடம் எடுத்துச் செல்லவேண்டும்.

இரண்டாவது, கடுவன் பூனையின் நீரடைப்பு. அடிக்கடி குந்தும், முனகும், ஒரு சொட்டுத்தான் வரும், அதுவும் வராது. மலச்சிக்கல் என்றெண்ணி விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று தினங்களில் பிராணன் போய்விடும். குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவார்கள். திரும்பத் திரும்ப வந்தால் ரண சிகிச்சை செய்வார்கள். ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

மூன்றாவது, வயது வந்த பெட்டை நாய்க்கு உண்டாகும் கருப்பைச் சீழ். பருவம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், சாப்பாட்டை மறுக்கும். சீழ் வெளியே வந்தால் கண்ணுக்குத் தெரியும். வராமல் உள்ளேயே தங்கினால் வயிறு உப்பும். அதுதான் அதிகப் பயங்கரம். கருப்பையை எடுத்துவிடுவதே இதற்குத் தக்க பரிகாரம். நோய் முற்றியபின் செய்கிற இந்த ஆபரேஷனில் அபாயம் அதிகம். இளமையிலேயே, ஆரோக்கியமாயிருக்கும்போது, கருத்தடை செய்த நாய்க்கு இந்த வியாதி பெரும்பாலும் வருவதில்லை.

இதனால், கருத்தடை என்ற சிறு ரண சிகிச்சைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நாம் கருதுகிறோம். அதற்குக் காரணம் நோய் மட்டும் அன்று.

நம் கிராமங்களில் நாய் குட்டி போட்டால் என்ன நடக்கிறது? ஆண் குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டைக் குட்டிகளை யாரும் கேட்பதில்லை. கண் திறந்ததோ இல்லையோ, கோணிப் பையில் போட்டு ஏரிக்கரையிலோ, சந்தை மேட்டிலோ, நெடுஞ்சாலை ஓரத்திலோ விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இந்தக் காரியத்தைச் செய்பவர்கள் கொடியவர்கள் அல்லர். கோயிலுக்குப் போகிறவர்கள், எறும்புக்கு மாக்கோலம் போடுகிறவர்கள். “வளர்த்தால் வருஷத்துக்கு இரண்டு தரம் குட்டி போடுமே, என்ன செய்வது?” என்பதே அவர்கள் சொல்லும் சமாதானம். அந்தக் கேள்விக்கு இன்று தக்க விடை இருக்கிறது. விடை இருக்கையில் சமாதானம் செல்லாது.

“ஒரு தரமாவது ஈன விடவேண்டாமா? இல்லாவிட்டால் பாவம்” என்று வீட்டிலுள்ள பாட்டிமார் சொல்வதுண்டு. ஒரு தரம் ஈன்றால் நாயின் உடம்புக்கு விசேஷ நன்மை ஒன்றும் இல்லையென்பது வைத்தியர்களின் அபிப்பிராயம். முதற் பருவங்களுக்கு முந்திச் செய்துவிட்டால் பிற்காலத்தில் மடியில் கட்டி வரும் சாத்தியங்கூடக் குறைகிறது. “இயற்கைக்கு விரோதம்” என்பாரும் உண்டு. காளைக்குக் காயடித்து ஏரில் பூட்டிய நாம், அதுவும் மயக்க மருந்தில்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்த நாம், நாயின் விஷயத்தில் மட்டும் இயற்கையைத் துணைக்கு அழைப்பது விநோதந்தான்!

1959-இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தார், தெரு நாய்களைக் கொல்வதால் பயனில்லை, கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியுமே வழி என்று பல வருஷங்கள் வாதாடினார்கள். 1996-இல் சென்னை மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது. 2001-இல் அதுவே தேசம் முழுவதற்கும் விதியாயிற்று. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. வீட்டில் வளர்க்கும் பிராணிக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் சொந்தக்காரரின் பொறுப்பு என்பது அவற்றில் கண்டிருக்கிறது. பசி தாகத்தால் வாடும்படி பிராணியைக் கைவிடுவதோ, 1960-ஆம் வருஷச் சட்டப்படி குற்றமாகும். அச்சட்டத்துக்கு வித்திட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபையில் 1953-இல் அவர் கொண்டுவந்த மசோதாவே பிற்பாடு சர்க்கார் மசோதாவாகி நிறைவேறியது.

இனி, நாமே செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம். ரண சிகிச்சையில் டாக்டரின் வேலை அரை மணியோ ஒரு மணியோதான். மிச்சமெல்லாம் வீட்டுக்காரர் வேலை. ஆரோக்கியமான நாய், பூனைகளுக்கு ஆறு மாத வயதை ஒட்டிக் கருத்தடையைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். பெரிய ஜாதி நாய்களுக்குச் சற்றுப் பிந்தச் சொல்வதுண்டு. தடுப்பூசிகளை முன்னதாகவே போட்டுவிடவேண்டும். உண்ணி மொய்த்த நாயாயின் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். உண்ணிக் காய்ச்சல் இரத்தம் உறையும் சக்தியைக் குறைத்துவிடும். அதைப் பரீட்சித்துப் பார்த்த பிறகே கத்தியை எடுப்பார்கள். சிகிச்சைக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்று டாக்டர் சொல்கிறாரோ, அதன்படி நடக்கவேண்டும். “பாவம், பசிக்குமே” என்று திருட்டுத்தனமாக ஒரு கிண்ணம் பால் வைத்தால், மயக்கத்தில் அது வாந்தியாகி மூச்சுக் குழலில் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். அந்த இரக்கம் இரக்கமே அன்று.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின், குளிர்ந்த தரையில் போடாமல் சாக்கோ பழந்துணியோ விரித்து, நன்றாக மயக்கம் தெளியும்வரை அருகில் இருக்கவேண்டும். புண்ணை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பை, “பார்க்கச் சகிக்கவில்லை” என்று கழற்றிவிடக்கூடாது. மஞ்சளும் சாம்பலும் காப்பித்தூளும் தையலின்மேல் அப்பக்கூடாது. தையலைப் பொதுவாகப் பத்து முதல் பதினாலு நாட்களுக்குள் பிரிப்பார்கள். அதுவரையில் ஓட்டமும் குதிப்பும் குளியலும் வேண்டாம்.

இன்னொன்றைப் பெரிய எழுத்தில் அச்சிட முடிந்தால் அப்படியே அச்சிடுவோம்: மனிதருக்குக் கொடுக்கும் வலி மாத்திரையைப் பிராணிக்குக் கொடுக்கக் கூடாது. நம் வீட்டு அலமாரியிலிருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதன் ஈரலுக்கு அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி இல்லை. ஒரே மாத்திரையும் கொல்லக்கூடும். ஐபுப்ரோபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும். வலிக்கு மருந்து உண்டு. அதை டாக்டர் கையால்தான் வாங்கவேண்டும்.

எல்லாக் கட்டிக்கும் கத்திதான் என்று நினைக்கவும் வேண்டாம். நாய்களுக்குள் சேர்க்கையினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் ஒருவகைப் புற்றுக் கட்டி நம் பக்கத்தில் சாதாரணம். பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் கசிவது அதன் அடையாளம். அதற்குக் கத்தியைவிட வாரம் ஒரு முறை போடும் வின்கிரிஸ்டின் என்ற ஊசியே சிறந்த மருந்து. அம்மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமோ? நம் வீட்டு முற்றத்தில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து!

கிராமத்துச் சங்கடம் நமக்குத் தெரியாததல்ல. சிற்றூர் மருந்தகத்தில் டாக்டர் ஒருவர். வாசலில் கறவை மாடுகள், ஆடுகள். மாடு செத்தால் குடும்பத்தின் பிழைப்பே போகும். ஆகையால் அவர் முதலில் மாட்டைப் பார்ப்பது நியாயமே. நாயைக் கொண்டுபோகிறவர்தான் கொஞ்சம் யோசனையோடு நடக்கவேண்டும். அவசரமில்லாத கருத்தடைக்கு முன்கூட்டியே நாள் கேட்கலாம். ஒரு தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து, ஒரே வண்டியில் நாலு பிராணிகளையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் செலவு பகிர்ந்துபோகும். பஞ்சாயத்தார் மனம் வைத்தால், வருஷத்துக்கு ஒரு முறை கால்நடை இலாகாவையோ ஜீவகாருண்யச் சங்கங்களையோ வேண்டிக்கொண்டு முகாம் நடத்தலாம். திருவிழாவுக்கு வசூல் செய்யத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமா?

குடவோலையால் தம்மைத் தாமே ஆண்ட மக்கள் வாழ்ந்த பிரதேசம் இது. ஊருக்கு வேண்டியதை ஊரே செய்துகொள்வதுதான் அந்தக் கல்வெட்டுக்களின் சாரம். அடுத்த முறை தெருவில் நாய் குட்டி போடும்போது, பெட்டைக் குட்டியைக் கேட்டு வாங்கி வளர்க்க ஒரு வீடு முன்வரட்டும். உரிய வயதில் அதற்கு நாள் குறிக்கட்டும். கோணிப் பையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும் வழக்கம் அத்தெருவோடு நின்றாலும் போதும். இதை எழுதியதன் பயன் நமக்குக் கிட்டியதாகக் கொள்வோம்.