ஏனாமுக்கு ஒரு வழி

புதுச்சேரியில் திண்ணை வைத்த வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. மிஞ்சியவற்றில் எங்கள் வீடும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளருடன் அந்தத் திண்ணையில் அமர்ந்து உலக விவகாரங்களைத் தீர்த்துவைப்பது என் நெடுநாளைய வழக்கம். சென்ற வாரம் அப்படி அமர்ந்திருந்தபோது தெருக்கோடியிலிருந்து ‘டுப், டுப், டுப்’ என்று ஒரு சப்தம் கிளம்பிற்று. நெல் அரைக்கும் யந்திரம் ஏதோ தெருவுக்குள் நடந்து வருகிறதாக்கும் என்று எண்ணினேன். வந்தவன் என் தங்கையின் மகன். புதிதாக வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளின்மேல் சக்கரவர்த்தியைப்போல் வீற்றிருந்தான்.

பின்னாலேயே ஆட்டோவில் என் தங்கையும் வந்து இறங்கினாள். வாகனம் இரண்டாக வந்ததைக் கண்டதுமே வழக்கும் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

“அண்ணா, நீங்களே இவனுக்குப் புத்தி சொல்லுங்கள். லடாக்குக்குப் போகிறானாம், இந்த வண்டியிலே!” என்றாள்.

இந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கும் வாலிபர்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் லடாக் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே கார்துங் லா என்று ஒரு கணவாய் இருக்கிறது. உயரம் 18,380 அடி என்று வெகுகாலமாகப் பலகை எழுதி வைத்திருந்தார்கள். கருவி கொண்டு அளந்தவர்கள் 17,582 அடிதான் என்று கண்டார்கள். எண்ணூறு அடி குறைந்தால் என்ன? பலகையின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வதற்கு அது ஒரு தடையாக இல்லை. பனிமலையையும் நீல ஏரியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. கையில் வலுவும் பையில் பணமும் உள்ளவர்கள் தாராளமாகப் போய் வரட்டும். ஆனால் என் மருமகனிடம் நான் கேட்டது வேறு.

“தம்பி, உன் வண்டியின் நம்பர் என்ன எழுத்தில் ஆரம்பிக்கிறது?”

“பி ஒய் 01, மாமா.”

“02 எந்த ஊர்?”

“காரைக்கால்.”

“03?”

சற்று யோசித்து, “மாஹே” என்றான்.

“04 ஏனாம். இந்த மூன்று ஊர்களையும் நீ பார்த்திருக்கிறாயா?”

காரைக்காலை மட்டும் பார்த்திருந்தான். அதுவும் திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி நெரிசலில்!

நேயர்களே, அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நம் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 30 அங்கத்தினர்களில் 23 பேர் புதுச்சேரிக்காரர்கள், 5 பேர் காரைக்கால்காரர்கள், மாஹேக்கு ஒருவர், ஏனாமுக்கு ஒருவர். அந்த இருவரும் நம் ஊருக்கு வந்து போகிறார்கள். நாம் அவர்கள் ஊருக்குப் போவதில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வீட்டில் ‘ஏனாமுக்கு மாற்றல்’ என்ற பேச்சு எழுந்தால் அடுப்பங்கரையில் அழுகை கேட்கிறது. உலகப் படத்தில் எங்கோ இருக்கும் இடங்களைக் கனவு காண்கிறோம். நம் பெயரையே தாங்கிய ஊர் நமக்குத் தண்டனை ஸ்தலமாகிவிட்டது.

இந்த நான்கு ஊர்களும் பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் நிறுத்தவும் வியாபாரம் செய்யவும் பிடித்த இடங்கள். மாஹே 1721-இலும் காரைக்கால் 1739-இலும் அவர்கள் கைக்குப் போயின. அவர்களுக்கு இவை கடல் வழியாக ஒன்று. தரை வழியாகப் போகிறவனுக்கோ தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய மூன்றையும் கடக்காமல் இவற்றைச் சுற்றி வர முடியாது. தமிழ், மலையாளம், தெலுங்கு என்று மூன்று பாஷை பேசும் ஜனங்கள் ஒரே ராஜ்யத்தின் பிரஜைகளாயிருக்கும் விந்தையைக் காண மோட்டார் சைக்கிளைவிடச் சிறந்த வாகனம் எது? ரயிலில் போனால் எல்லை தூக்கத்தில் கடந்துவிடும். வண்டியில் போகிறவனுக்கு டீக்கடைக்கு டீக்கடை பாஷை மாறுவது தெரியும்.

புல்லட் வண்டிக்கும் இதில் ஒரு பொருத்தம் உண்டு. பிறந்தது இங்கிலாந்தில், 1955 முதல் சென்னையில் தயாராகி, தாய்நாட்டிலே பட்டறை மூடிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டிருப்பது. அந்நியர் விட்டுப்போனதை நமதாக்கிக்கொண்ட கதைதானே புதுச்சேரியின் கதையும்?

ஆகையால் கைப்பேசியில் படத்தை விரித்து இருவரும் வழி போட்டோம். பயணத்தின் தொடக்கம் கடற்கரையில் இல்லை என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். மேற்கே வில்லியனூரைத் தாண்டிக் கீழூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ந் தேதி அங்கே 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் சேர 170 பேர். வேண்டாமென்று 8 பேர். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16-இல்தான். அந்த நினைவு மண்டபத்தின் வாசலில் வண்டியின் கிலோமீட்டர்க் கணக்கைக் குறித்துக்கொண்டு கிளம்பவேண்டும்.

முதல் நாள் சிரமமில்லை. கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர். நடுவில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. அரை மணி நேரமாவது இறங்கவேண்டும். காரைக்காலில் அம்மையார் கோயில். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா என்றால் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாய்ப் பொழியும். ஆனால் ஆனி மாதத்தில் இந்தப் பிரயாணம் கூடாது. அதற்குக் காரணம் உண்டு.

ஜூன் மாதம் பிறந்தால் மாஹேயில் தென்மேற்குப் பருவமழை. ஜூலை, ஆகஸ்டில் கோதாவரி வெள்ளம் ஏனாமைப் பயமுறுத்தும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கிழக்குக் கரையில் புயற்காலம். 1996 நவம்பர் 6-இல் காகிநாடாவுக்குத் தெற்கே கரை கடந்த புயல் ஏனாமை உருக்குலைத்துவிட்டது. இரண்டு கடற்கரையும் ஒருங்கே அமைதியாயிருப்பது பொங்கல் கழிந்து மாசி முடிய உள்ள நாட்களில்தான். லடாக்குக்கு ஆள் போகாத அந்த மாதங்களே இந்தப் பயணத்துக்கு உகந்தவை.

காரைக்காலிலிருந்து தஞ்சை, திருச்சி, கோவை, பாலக்காடு என்று மேற்கே போனால் மூன்றாம் நாள் கோழிக்கோடு. பாலக்காட்டுக் கணவாயில் காற்று வண்டியை ஒரு பக்கமாய்த் தள்ளும் என்று தங்கைக்குக் கேளாத குரலில் எச்சரித்தேன். அப்புறம் மாஹே. மொத்தம் ஒன்பது சதுர கிலோமீட்டர்! மலையாளத்தில் மய்யழி என்கிறார்கள். மாஹே என்றதும் பலருக்கு ஒரே ஒரு வியாபாரந்தான் நினைவுக்கு வருகிறது; குடும்பப் பத்திரிகையில் அதை விவரிக்க வேண்டியதில்லை. எனக்கு நினைவு வருவது ஐ. கே. குமாரன் மாஸ்டரும் அவருடைய தொண்டர்களும். 1954 ஜூலை 16-இல், புதுச்சேரிக்கு மூன்று மாதம் முந்தியே, பிரெஞ்சு அதிகாரி அங்கிருந்து கப்பலேறினார். 2024 மார்ச்சில் தலசேரி - மாஹே புறவழிச் சாலை திறந்தபின், ஊருக்குள் வராமலே வண்டிகள் போய்விடுகின்றன. “நீ அந்தச் சாலையில் போகாதே, ஆற்றுப் பாலத்தில் நின்று போ” என்றேன்.

அங்கிருந்து இரிட்டி, வீராஜ்பேட்டை, மைசூர், பெங்களூர், விஜயவாடா என்று நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வங்கக் கடலை மறுபடி அடையவேண்டும். இதுதான் நெடிய பகுதி. நாளொன்றுக்கு 300 கிலோமீட்டருக்குமேல் ஓட்டக்கூடாது, இருட்டியபின் ஓட்டவே கூடாது என்று கண்டிப்பு விதித்தேன். ஆக மொத்தம் 2,500 கிலோமீட்டருக்குக் குறையாது.

“சந்திரநாகூரை விட்டுவிட்டீர்களே மாமா?” என்றான் பையன். பரவாயில்லை, விஷயம் தெரிந்தவன்தான்! அந்த ஊர் 1949-லேயே வாக்களித்து நம்மை முந்திக்கொண்டு, 1954-இல் மேற்கு வங்காளத்தோடு கலந்துவிட்டது. கல்யாணமாகிப் போன அக்காள் மாதிரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1952-இல் சே குவேரா என்ற இளம் மருத்துவ மாணவர் தம் நண்பருடன் ஒரு பழைய நார்ட்டன் வண்டியில் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார். வண்டி சிலி தேசத்தில் உயிரை விட்டது, அவர்கள் நிற்கவில்லை. பெரு நாட்டுத் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றில் அவருடைய இருபத்து நாலாவது பிறந்தநாள் வந்தது. இந்தக் கண்டம் பல தேசங்களாய்ப் பிரிந்து கிடப்பது வெறும் கற்பனை என்று அன்று அவர் பேசினார். எல்லைகளை வழியில் கண்டவருக்கு வந்த ஞானம் அது.

இத்தனையும் சொல்லி முடித்தபோது தங்கை எழுந்து வந்து ஏனாம் இருக்கும் இடத்தைப் படத்தில் பார்த்தாள்.

அவள் கணவர் ஏனாமில் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்தவர். பையன் அப்போது சிறுவன். மாதம் ஒருமுறை அவர் காகிநாடாவில் சர்க்கார் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வருவார். காஜாவும் பூதரேக்குலுவும் வாங்கி வருவார். ஏனாம் என்றால் மிட்டாய் விற்கும் ஊர் என்றே பையன் வெகுநாள் நினைத்திருந்தான். குடும்பம் அங்கே போனதே இல்லை. பள்ளிக்கூடம், மாமியாரின் உடம்பு, ஏதோ ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் காலமானார். பெட்டியில் ஒரு படம் அகப்பட்டது: கோதாவரிக் கரையில், கையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, யாரோ சொன்னதற்குச் சிரித்தபடி நிற்கிறார். அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் இங்கே அதிகம் பார்த்ததில்லை.

“இந்த இடம் இன்னும் இருக்குமா அண்ணா?” என்றாள்.

“கரை இருக்கும். சைக்கிள்தான் இராது” என்றேன்.

கடைசியில் முடிவானது இதுதான். தை மாதக் கடைசியில் பையன் கீழூரிலிருந்து புறப்படுகிறான். தங்கை மோட்டார் சைக்கிளில் மாஹேயெல்லாம் வரமாட்டாள். அவன் விஜயவாடாவிலிருந்து தந்தி அடித்ததும் - கைப்பேசியில் சேதி சொன்னதும் என்று இக்காலத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள் - சென்னையில் சர்க்கார் எக்ஸ்பிரஸ் ஏறுவாள். மறுநாள் காகிநாடா ஸ்டேஷனில் அவன் காத்திருப்பான். அங்கிருந்து ஏனாம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்த முப்பது மட்டும் பின் ஆசனத்தில் அவள் வருவாள். அவளுக்குத் தலைக்கவசமும் வாங்கியாயிற்று. பையன் சிவப்பில் வாங்கியிருக்கிறான். தங்கை கறுப்புத்தான் வேண்டும் என்கிறாள். அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை.