பூனைக்குட்டியின் அம்மா நினைப்பு



ஊரே தூங்கும் நேரம். உங்கள் வீட்டுப் பூனைக்குட்டி மட்டும் தூங்கவில்லை. மெல்ல உங்கள் மேல் ஏறி, போர்வையை வாயில் கவ்விக்கொள்கிறது. மாவு பிசைவதுபோல் முன்னங்கால்களால் மாறி மாறி அழுத்துகிறது. 'குர்ர்... குர்ர்...' என்று ஒரு சத்தம். நடுநடுவே 'சப்... சப்...' என்று இன்னொரு சத்தம். போர்வை கிடைக்காவிட்டால் உங்கள் காது மடல்! தள்ளிவிட்டாலும் ஐந்தே நிமிடத்தில் திரும்ப வந்துவிடுகிறது.

மறுநாள் கணக்கு வகுப்பில் உங்களுக்குக் கண் சொக்குகிறது. "இந்தப் பூனையைச் சாக்கில் போட்டு மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தால்தான் சரிப்படும்" என்கிறார் அப்பா. உங்களுக்கு அழுகை முட்டுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குட்டி சேட்டை செய்யவில்லை. தன் அம்மாவைத் தேடுகிறது!

பூனைக்குட்டி பிறந்து, கண் திறக்கவே ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை அம்மாவின் கதகதப்பும் வாசனையும்தான் அதற்கு உலகம். அம்மாவின் வயிற்றைப் பிசைந்தால் பால் சுரக்கும் என்பது யாரும் சொல்லித்தராமலே அதற்குத் தெரியும். சுமார் 4 வாரத்தில் மெல்ல இரை தின்னப் பழகும். பால்குடி மறக்க 8 வாரமாவது வேண்டும். அதற்கு முன்பே அம்மாவிடமிருந்து பிரித்த குட்டிகளிடம்தான் இந்தச் சப்பும் பழக்கம் அதிகம். நீங்கள்கூடச் சின்ன வயதில் விரல் சூப்பியிருப்பீர்கள். வேண்டுமானால் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்!

சரி, ராத்திரி தூங்க என்ன வழி?

அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். பயந்த குட்டி இன்னும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். படுக்கப் போகும் முன் பந்தை உருட்டிக் கால் மணி நேரம் விளையாட்டுக் காட்டுங்கள். பிறகு முள் நீக்கிய வேகவைத்த மீன், முட்டை என்று வயிறு நிறையக் கொடுங்கள். ஓடியாடிய குட்டி, வயிறு நிறைந்ததும் தூங்கிவிடும். பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். குடிக்கத் தண்ணீர் வையுங்கள்.

ஓர் அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரித்து, அதற்கென்று ஒரு படுக்கை செய்யுங்கள். உங்களிடம் சப்ப வரும்போதெல்லாம் மெல்லத் தூக்கி அங்கே விடுங்கள். அந்தத் துணியைச் சப்பினால் சப்பட்டும். ஒருநாள் விட்டுக்கொடுத்து, மறுநாள் விரட்டினால் குட்டிக்குக் குழப்பம்தான் மிஞ்சும். தினமும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

ஆனால் கம்பளி, நூல் பிரிந்த துணி, பட்டன் வைத்த சட்டை இவற்றை அதன் அருகில் போடாதீர்கள். விழுங்கிய நூல் குடலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. துணியைக் கடித்து விழுங்குகிறது என்றால், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. பிசையும்போது நகம் கீறிவிட்டாலோ, பல் பட்டுவிட்டாலோ மறைக்காதீர்கள். வெறிநோய் பூனை மூலமும் பரவும். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வீட்டில் சொல்லி, டாக்டரிடம் போங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் குட்டி உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? சந்தில் தனியாகக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, பாவம் என்று தூக்கி வந்தீர்களா? அதன் அம்மா இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். அடுத்த முறை, ஆபத்தில்லாத இடமாக இருந்தால், சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். நண்பன் குட்டி தருகிறேன் என்றால், "ரெண்டு மாசம் அம்மாகிட்டயே இருக்கட்டும்டா, அப்புறம் வாங்கிக்கறேன்" என்று சொல்லுங்கள்.

அப்பாவிடமும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சாப்பாடு தின்று வளர்ந்த குட்டிக்கு மார்க்கெட்டில் யாரைத் தெரியும்?

வளர வளரப் பல குட்டிகள் இந்தப் பழக்கத்தை விட்டுவிடும். சில பூனைகள் பெரிதான பிறகும் எப்போதாவது சப்பும். அதனால் தீங்கில்லை. அதன் அம்மா இல்லாத இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே!

அன்புடன்,
ஆசிரியர்