சொந்தக் காசில் போட்டால் குறைச்சலா?

‘ஆய்வுக் கட்டுரையைச் சக நிபுணர்களின் பரிசீலனைக்கு அனுப்புகிற விஞ்ஞானி, நாவலை மட்டும் தானே அச்சிட்டுக்கொள்வது சறுக்கல் இல்லையா?’ என்கிறார்கள். சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் அறிவியலே இதற்கு எதிர்சாட்சி. கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான் 2002-இல் புவான்கரே யூகத்தின் நிறுவலை ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்தில் நேராக ஏற்றத் தொடங்கினார்; எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. பரிசீலனை பிறகு நடந்தது, நிறுவல் நின்றது.

‘சுஜாதா சொந்தமாகவா போட்டார்?’ என்பது அடுத்த அம்பு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அந்தப் பொறியாளருக்கு வார இதழ்கள் தொடர்கதைக்குப் பக்கம் ஒதுக்கின. இன்று அடையாறு ஆய்வகத்திலிருந்து நாவலோடு வருபவருக்கு அந்தப் பக்கங்கள் எங்கே?

சொந்தப் பதிப்பு என்றாலே தரமில்லை என்பவர்கள் திருவல்லிக்கேணியை நினைக்கட்டும். அங்கே வாழ்ந்த எழுத்தாளர் சி.சு. செல்லப்பா ‘சுதந்திர தாகம்’ நாவலை எண்பது வயதைக் கடந்தபின் தாமே வெளியிட்டார். அவர் மறைந்தது 1998-இல். அதே நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-இல்.

ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: எடிட்டர் வேண்டும். ஆனால் பதிப்பகத்தின் பெயர் அட்டையில் இருப்பதால் மட்டும் உள்ளே எடிட்டர் வேலை பார்த்ததாக ஆகிவிடாது. தி. நகர் பதிப்பகமோ, கிண்டிலோ, மயிலாப்பூர் அச்சகமோ, கைப்பிரதியைக் கறாராகப் படித்து வெட்டச் சொன்னது யார் என்று கேளுங்கள். அச்சுக்கூலி கொடுத்தது யார் என்பது கணக்காளரின் கேள்வி. விமர்சகருக்கு அதில் வேலையில்லை.