கோடை விடுமுறையும் சீன மொழிப் பயிற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அந்நிய பாஷை பயில்வோர் கோடை விடுமுறையில் தம் பாடத்தை முற்றிலும் கைவிடலாகாது என்று சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையின் கருத்தை நான் பூரணமாக ஆமோதிக்கிறேன். சீன மொழிக்கு இது மிகவும் பொருந்தும். ஏனெனில், சீன அரசு 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலின் முதல் நிலையில் மட்டுமே 3,500 எழுத்துக்கள் இருக்க, அவற்றின் வடிவமும் கோடுகளை இடும் வரிசையும் இடைவிடாத அப்பியாசத்தாலன்றி மனத்தில் நிலைப்பதில்லை. இங்கே சீனம் பயிலும் என் மகள், வாசித்தால் விளங்கும் எழுத்துக்களையே எழுத முற்படுகையில் கை தயங்குவதைக் கண்டு, விடுமுறையில் அன்றாடம் சிறிது நேரம் எழுதிப் பழகுவதோடு, சீனத் துறவி யுவான் சுவாங்கின் யாத்திரைக் குறிப்புகளையும் மொழிபெயர்ப்பில் வாசிக்கலானாள். அந்த யாத்திரிகர் ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம்வரை வந்தவர் என்றறிந்தபின், ஆசிய நாடுகளின் கலாசாரத்திலும் அவளுக்குச் சிரத்தை பெருகியது.

1937-இல் ரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனில் சீனக் கல்வி நிலையமான சீன பவனத்தை ஸ்தாபித்த காலந்தொட்டு நம் தேசத்தில் வளர்ந்துவரும் இக்கல்வி விடுமுறைதோறும் தடைப்படாதிருக்க, சீனம் போதிக்கும் சர்வகலாசாலைகள் கோடையிலும் தம் நூலகங்களைத் திறந்து வைத்து, வாரம் ஒருமுறையேனும் வாசிப்புக் கூட்டம் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
புதுடில்லி