ஜனாஸாவுக்கு விஞ்ஞானம் வேணும், ஊசிக்கு வேணாமா?

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வரும், ஆனாலும் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

2022 மார்ச் 5ஆம் திகதியிலிருந்து கொவிட் ஜனாஸாக்களை அந்தந்த ஊர் மையவாடியிலேயே அடக்கலாம் என்று அனுமதி வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். சரியாக ஒரு வருஷமாக எல்லாரையும் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குத்தான் கொண்டு போனோம். 3,600 பேருக்கு மேல் அங்கே அடங்கியிருக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் இருக்கிறார்கள். அதற்கு முந்திய பதினொரு மாதம் எங்கள் மையித்துகளை எரித்தார்கள். 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான குழந்தையைக்கூட விடவில்லை. பொரளை கனத்தை வேலியில் கட்டிய வெள்ளைத் துணிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை, மறக்கச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் அந்த நல்ல செய்தியை ஷெயார் பண்ணின அதே குரூப்களில் இன்னொரு வொய்ஸ் கட்டும் சுற்றுகிறது. "எங்கட மையித்தை எரிச்ச ஆக்கள் தார ஊசி. ரெண்டு அடிச்சாச்சி, போதும். மூணாவதுக்கு யாரும் போகாதீங்க." யார் பேசியது என்று தெரியாது. எங்கள் ஊரில் அதைப் பரப்புகிறவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் சொல்லமாட்டேன்.

அவர்களிடம் ஒரு கேள்வி. எரிக்கச் சொன்னது யார்? விஞ்ஞானமா? 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று எழுதிவிட்டது. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்ற கதையைப் பேராசிரியர் மலிக் பீரிஸ் மறுத்துப் பேசினார். 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், எங்கள் நாட்டுக்காரர். பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு 2020 டிசம்பர் கடைசியிலேயே அடக்க அனுமதிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. இலங்கை மருத்துவ சங்கமும் அதையே சொன்னது. கேட்காமல் இருந்தது அரசியல். அறிக்கை வந்து இரண்டு மாதம் கழித்து, இம்ரான் கான் வந்து போன கையோடு வர்த்தமானி வந்ததே, அந்த இடைவெளியில் எந்த விஞ்ஞானம் மாறியது?

அப்போது நாங்கள் எதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்? டொக்டர்களின் வார்த்தையைத்தான். "விஞ்ஞானத்தைக் கேளுங்கள்" என்று எழுதாத முஸ்லிம் இல்லை. இப்போது அதே டொக்டர்கள் மூன்றாவது ஊசி போடு என்றால் அது சதியா? மையித்துக்கு ஒரு நியாயம், உயிரோடு இருக்கிற உம்மாவுக்கு வேறு நியாயமா?

"ஊசியில் நம்பிக்கை இல்லை" என்கிறீர்கள். இதை நான் நம்பத் தயாரில்லை. உம்ராவுக்குப் போகவேண்டும் என்றால் என்ன நடந்தது? சைனோபாம் இரண்டு போட்டவர் சவூதி ஏற்கும் ஊசியில் இன்னொன்றும் போடவேண்டும் என்றார்கள். உம்ராவுக்குப் பெயர் கொடுத்தவர்களில் யாராவது "இது சதி" என்று மறுத்தார்களா? ஹஜ்ஜுக்கு முன் மூளைக்காய்ச்சல் ஊசியை எத்தனை வருஷமாகப் போட்டுக்கொள்கிறோம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று எந்த ஹாஜியாரும் கேட்டதில்லை. டுபாய், கட்டார் வேலைக்கும் அப்படித்தான். விசாவுக்கு ஹலாலான ஊசி வீட்டுக்கு ஹராமாகிவிடுமா?

அடுத்தது "ரெண்டு போதும்" என்கிற கதை. உங்கள் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் ஒன்று, நாலில் ஒன்று, ஆறில் ஒன்று. பிறகு ஒன்றரை வயதில் மறுபடி, ஐந்து வயதில் மறுபடி, 11 வயதில் ஸ்கூலில் மறுபடி. உம்மாமார் ஒன்றையும் தவறவிட்டதில்லை. உடம்பு ஒரு தடவையில் முழுதாக மனனம் செய்யாது, இடைக்கிடை ஞாபகப்படுத்த வேண்டும். வகுப்பில் நாங்கள் செய்கிற வேலைதான் அது. எங்களில் அநேகமானோருக்கு முதல் இரண்டும் சைனோபாம். வயது போனவர்களுக்கு அதன் எதிர்ப்புச் சக்தி குறைவாகத்தான் உருவாகிறது, மாதங்கள் போகப்போக இன்னும் இறங்குகிறது. அதற்குத்தான் மூன்றாவதாகப் பைசர். வேறு கம்பனி என்று பயப்பட ஒன்றுமில்லை. எந்தப் பக்கமிருந்து ஞாபகப்படுத்தினாலும் உடம்புக்கு அதே பாடம்தான். பன்றிக் கொழுப்பு இல்லை என்று கம்பனியே சொல்லியாயிற்று. காய்ச்சல் வரும், கை வலிக்கும். ஒரு நாள், கூடினால் இரண்டு நாள்.

2022 மார்ச் அளவில் நாட்டில் இரண்டு ஊசி போட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர்தான் மூன்றாவதைப் போட்டிருந்தார்கள். கொவிட்டில் மவுத்தானவர்கள் 16,000க்கு மேல், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள். வாலிபர்கள் வொய்ஸ் கட் அனுப்புகிறார்கள், அதைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது உம்மும்மா.

இனி தோட்டத்துப் பக்கம் வருவோம். "லயத்து ஆக்களுக்கு விளக்கமில்லை, அதான் வாறதில்லை" என்று டவுனில் கடை வாசலில் நின்று பேசுகிறவர்களே, கொஞ்சம் வாயை மூடுங்கள். அங்கே பிரச்சினை விளக்கமில்லை, பேர். காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய் மலை ஏறினால் பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும் வரை அந்தப் பெண் இறங்க முடியாது. ஊசிக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அல்லது அரைப் பேர். மறுநாள் காய்ச்சல், அதுவும் போச்சு. 2021இல் ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்குப் போராடி வாங்கின ஜனம், கிலோ குறைந்தால் அதுவும் முழுசாகக் கிடையாது. 2022இல் டீசல் இல்லாமல் பஸ் குறைந்து, மாவும் சீனியும் விலை ஏறிக் கிடந்த நேரத்தில் இரண்டு நாள் சம்பளத்தை விட்டு ஊசிக்கு வா என்றால், நீங்கள் வந்திருப்பீர்களா? நான் மாதச் சம்பளக்காரன், ஊசி போட்டு இரண்டு நாள் படுத்தாலும் சம்பளம் வரும். அந்த வசதியோடு இருந்துகொண்டு அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஊசி போட மிட்வைஃப் மிஸ் தோட்டத்துக்குள் வருகிறார்தானே? அப்படியே இதையும் கொண்டு வரலாம். பிரட்டுக்களத்திலோ பிள்ளைக்காம்பராவிலோ வைத்துப் போடலாம். அன்றைக்கும் மறுநாளுக்கும் முழுப் பேர் போடத் தோட்ட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். சங்கத் தலைவர்மார் சந்தாப் பணம் வாங்குவதோடு நிற்காமல் இதைக் கேட்டு வாங்கட்டும்.

எங்கள் முதலாளிமாரே, உங்களுக்கும் இருக்கிறது. உங்கள் கடையில் மூட்டை தூக்குகிற தம்பிமார் தோட்டத்துப் பிள்ளைகள். ஊசிக்கு அரைநாள் கேட்டால் "சனிக்கிழமை பிஸி" என்கிறீர்கள். அரைநாள் கொடுங்கள், சம்பளத்தை வெட்டாமல் கொடுங்கள். ஸகாத் கணக்குப் பார்க்கும் மாதம் வருகிறது.

இப்போதே போட்டால் காய்ச்சல் எல்லாம் நோன்புக்கு முன் முடிந்துவிடும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளி நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். எம்.ஓ.எச். காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பள்ளி வளவில் ஒரு நாள் ஊசி போட ஏற்பாடு செய்வது, அன்றைக்கு எந்த மதத்துக்காரர் வந்தாலும் வரலாம் என்று ஸ்பீக்கரில் சொல்வது. கையெழுத்து வைக்க விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். வொய்ஸ் கட் அனுப்பினவர்களும் வரலாம், உம்மாவையும் கூட்டிக்கொண்டு.